எதிர்க்கரையில் எடுத்த கோல்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டபின் நான் எந்த ஊரிலும் அதிகம் நின்றதில்லை. அல்லைப்பிட்டியில் வீடு கட்டும் இடத்தில் கல் சுமந்தேன். அந்த வேலை முடிந்ததும் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறி நெடுந்தீவுக்குப் போய், சொந்தமாகப் படகும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் கூலிக்குச் சேர்ந்தேன். படகில் மூன்று பேர்: சம்மாட்டி, அவருடைய மனைவியின் தம்பி, நான்.

அந்தத் தீவில் பிடித்த போன் கோலை யாரும் லேசில் வைக்கமாட்டார்கள். வீட்டுக்குள் கவரேஜ் வராது. கனடாவிலிருந்து கோல் வந்தால் பவளக்கல் மதிலில் ஏறி, ஆடாமல் நின்று கதைப்பார்கள். கதைத்து முடித்தவர் போனை அடுத்தவர் கையில் கொடுப்பார். அவர் அதே கல்லில் ஏறுவார். சொல்ல ஒன்றும் இல்லாதவர்கூட, குசினியில் நிற்பவள் கை கழுவிவிட்டு வரும்வரை "ஓம், ஓம்" என்று லைனைப் பிடித்துக்கொண்டு நிற்பார். விட்டால் திரும்பக் கிடைக்காது.

அன்று காலை தீவுக்கு மேற்கே வெகுதூரத்தில் வலை இழுத்துக்கொண்டிருந்தோம். சம்மாட்டி இழுப்பதை நிறுத்திவிட்டு அப்படியே இருந்தார். முகம் வேர்த்துக் கொட்டியது.

"என்ன அத்தான்?" என்றான் தம்பி.

"ஒண்டுமில்லையடா. நெஞ்சிலை ஆரோ ஏறி இருக்கிற மாதிரிக் கிடக்கு."

பிறகு இடது கையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். வலையை அறுத்துவிட்டுத் தீவைப் பார்த்து எஞ்சினைத் திருப்பினேன். என்னிடம் அப்போது போன் இல்லை. சம்மாட்டி தன்னுடையதை வீட்டில் விட்டுவிட்டுத்தான் கடலுக்கு வருவார். தம்பி தன் போனைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்து வீட்டுக்கு அடித்தான். போகவில்லை. அவசர அழைப்பு மட்டும் என்று திரையில் கிடந்தது. அவசர இலக்கத்தை அழுத்தினான். உடனே எடுத்தார்கள். எஞ்சின் சத்தத்திலும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"சொல்லுங்க சார், என்ன எமர்ஜென்சி?" ஒரு பெண் குரல்.

"அத்தானுக்கு நெஞ்சு நோ. கடலிலை நிக்கிறம்."

"எந்த மாவட்டம் சார்?"

"யாழ்ப்பாணம். நெடுந்தீவு."

அங்கே கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. "சார், இது தமிழ்நாடு. நீங்க இலங்கையிலேருந்தா பேசுறீங்க?"

அந்த இடத்தில் எங்கள் டவர் எட்டாது, எதிர்க்கரை டவர்தான் எட்டும். எங்கள் போனில் வேறு கோல் எதற்கும் அது இடம் கொடாது. அவசரக் கோலை மட்டும் வாங்கித் தன் ஊர் ஆட்களிடம் கொடுக்கும்.

சம்மாட்டி சிரிக்கப் பார்த்தார். "இந்தியாவிலை இருந்தோ வாகனம் வரப்போகுது? வரேக்கை எனக்கொரு விசாவும் கொண்டுவரச் சொல்லடா."

"கதையாதேங்கோ அத்தான்."

"லைன்லயே இருங்க சார், கட் பண்ணாதீங்க. மேல கேட்டுச் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண். நல்லவள். அவரைச் சாய்த்து இருத்தச் சொன்னாள், சட்டையைத் தளர்த்தச் சொன்னாள். இடைக்கிடை "இருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். தம்பி "ஓம், ஓம்" என்றான். அங்கிருந்து ஒன்றும் வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தக் கடலில் எங்களோடு கதைக்க அவள் ஒருத்திதான் இருந்தாள்.

தீவின் பனைகள் தெரியத் தொடங்கின. "இப்ப வீட்டுக்கு அடிச்சுப் பாரும்" என்றேன்.

"இதை விட்டா இதுவும் போயிடும். நீர் எஞ்சினைப் பாரும்."

கரை கிட்ட வர அவள் குரல் துண்டு துண்டாக வந்து நின்றது. போன் டவரைத் தேடிக்கொண்டே இருந்தது. எங்கள் கவரேஜ் வந்தபோது படகின் அடி கல்லில் உரசிவிட்டது.

கரையில் ஒருவரும் இல்லை. எங்களுக்கு நடந்தது ஒருவருக்கும் தெரியாதே. இனிக் கோல் எடுத்து ஆள் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று, வலைத்துண்டில் கிடத்தி இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தெருவில் ஒரு ட்ரக்டர் அகப்படுவதற்கு முன்பே அவருடைய கை வலைக்கு வெளியே தொங்கி ஆடத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

செத்தவீட்டில் சம்மாட்டியின் மனைவி, தம்பியின் அக்கா, அவனைக் கேட்டாள்: "எனக்கொரு கோல் எடுத்திருக்கலாமேடா. அவரின்ரை போன் என்ரை கையிலைதானே இருந்தது. ஓட்டோவோடை வந்து கரையிலை நிண்டிருப்பன்."

"நான் லைனிலை நிண்டனான் அக்கா. கடைசிமட்டும் கட் பண்ணேல்லை."

பிறகு நான் மன்னார்ப் பக்கம் போனேன். டவர் ஒன்றுக்கு அத்திவாரம் வெட்டும் வேலை. சாப்பாட்டு நேரத்தில் அங்கே வந்த டெக்னீசியனிடம் இதைச் சொன்னேன். ஓடுகிற பஸ்ஸில் கதைத்தால் ஒரு டவர் அடுத்த டவருக்குக் கோலைக் கையளிக்கும் என்றான். ஆனால் நாடுவிட்டு நாடு கையளிக்காது. கோல் உயிரோடு இருக்கும்வரை போன் பழைய டவரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

"பனை தெரிஞ்ச இடத்திலை கட் பண்ணியிருந்தா உங்கடை டவரைத் தானாப் பிடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தான்.

அடுத்த வருஷம் நெடுந்தீவுக்குப் போனேன். படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. தம்பி கடலுக்குப் போவதில்லை. என்னைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். அக்கா குசினி வாசலில் நின்றாள்.

"நீர் கண்டனீர்தானே" என்றான் என்னிடம், அவளுக்கும் கேட்க. "நான் லைனை விட்டனானோ?"

"இல்லை, விடேல்லை" என்றேன்.

அக்கா தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். குடித்துவிட்டு லோஞ்சுக்கு நடந்தேன்.