கணக்கில் வராத சர்க்கரைப் பொங்கல்

10.6.1985: 118 கிலோ, சர்க்கரை 286.
11.7.1985: 118 கிலோ, சர்க்கரை 291.
12.8.1985: 119 கிலோ, சர்க்கரை 302.

இவை ஸ்ரீரங்கம் ராஜகோபாலனின் எடையும், வெறும் வயிற்றில் எடுத்த ரத்தச் சர்க்கரையும். வங்கியில் காசாளர், வயது நாற்பத்தேழு, என் அடுத்த வீட்டுக்காரர். இடது கால் கட்டைவிரலில் வந்த புண் ஆறவில்லை. இப்படியே போனால் காலுக்கே ஆபத்து என்று புத்தூர் டாக்டர் பிலோமின்ராஜ் சொல்லிவிட்டார். எடை குறைய வயிற்றைச் சுருக்கும் அறுவை சிகிச்சை செய்ய மெட்ராஸில், வெளிநாட்டில் படித்து வந்த ஒரு சர்ஜன் இருந்தார். மூன்று மாதம் பத்தியம் காத்து எடையைக் கொஞ்சமாவது குறைத்தால்தான் அறுவை சிகிச்சை என்பது அவருடைய நிபந்தனை.

பிலோமின்ராஜ் தாளில் படம் போட்டு விளக்கினார்.

"வயித்தை எடுத்துட மாட்டாங்க சார். மேல முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையாத் தைச்சு, அதுல குடலைச் சேர்ப்பாங்க. கொஞ்சம் சாப்பிட்டாலே போதும்னு ஆயிடும். எடை குறையும், சர்க்கரையும் இறங்க வாய்ப்பிருக்கு. ஆபத்தும் உண்டு. ஆயுசுக்கும் சத்து மாத்திரை போடணும். இனிப்பு சாப்பிட்டா படபடன்னு வரும்."

"சர்க்கரைப் பொங்கல் இனிப்புல சேருமோ?"

"பேர்லயே சர்க்கரை இருக்கே சார்!"

ராஜகோபாலன் பத்தியத்தைத் தொடங்கினார். அவர் மனைவி வேதவதி மாமி சோற்றைக் கரண்டியால் அளந்து போட்டார். டாக்டர் சொன்ன மாலை நடையையும் ராஜகோபாலன் ஒருநாள்கூட விடவில்லை. ஆனாலும் எடை ஒரு கிலோ கூடியது. ஆகஸ்டில் நானும் அவர்களுடன் புத்தூர் போனேன். டாக்டர் சாப்பாட்டுக் குறிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைச் சாப்பிட்டு யாரும் குண்டாக முடியாது. எங்கேயோ இடிக்குது."

மாமியால் அடக்க முடியவில்லை. "ஏன்னா, தினம் நடந்து எங்கே போறேள்னு டாக்டர்கிட்ட சொல்லுங்கோ."

"கோயிலுக்குத்தான்."

"அங்கே தொன்னை தொன்னையா சர்க்கரைப் பொங்கல் வாங்கறேளே?"

"அது சாப்பாடு இல்லையே, வேதா. பிரசாதம்!"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "பெருமாள் சாப்பிட்டதை நான் கேக்கலை சார். நீங்க சாப்பிட்டது?"

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது டாக்டர்."

"சொல்ல வேணாம். எவ்வளவு வாங்கினா பிரசாதம்?"

ராஜகோபாலன் மின்விசிறியைப் பார்த்தார். மாமி பதில் சொன்னார்: "ஒரு பருக்கை போதும். கண்ணுல ஒத்திண்டு வாயில போட்டுக்கலாம். எங்க பொறந்தாத்துல எல்லாரும் அப்படித்தான்."

ராஜகோபாலன் மாமி பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷமா இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"வாய் காலியா இருந்தாத்தானே கேட்டிருப்பேள்!"

மறுநாள் கோயில் மடைப்பள்ளி ஆள் நீட்டிய தொன்னையிலிருந்து ராஜகோபாலன் ஒரே ஒரு பருக்கை எடுத்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஸ்ரீரங்கம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. விசாரிக்க வந்த இரண்டு பேர் வாழைப்பழச் சீப்புடன் வந்தார்கள். மாமி அவர்களை வாசலோடு அனுப்பினார்.

டிசம்பரில் எடை 110, சர்க்கரை 228. புண் மட்டும் அப்படியே இருந்தது. "குறைஞ்சுடுத்தே, இனி ஆபரேஷன் எதுக்கு?" என்று அவர் நழுவப் பார்த்தார். "கால் வேணுமா, வேணாமா?" என்றார் பிலோமின்ராஜ். பிப்ரவரியில் மெட்ராஸ் ரயில் ஏறினார்கள்.

அங்கிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஆபரேஷனுக்கு முன்பு எழுதிய முதலாவது முழுக்கப் பயம். ஆபரேஷன் முடிந்து எழுதிய இரண்டாவதில் இப்படி எழுதியிருந்தார்: "மூன்று ஸ்பூன் ரசம் குடித்தால் கல்யாண விருந்து சாப்பிட்ட மாதிரி இருக்கிறது. சர்க்கரை 140. புண் காய்ந்துவிட்டது, நேற்று செருப்புப் போட்டு நடந்தேன். வேதவதி கடைக்குப் போன நேரம் பார்த்து அரை லட்டு தின்றேன். வேர்த்துக் கொட்டிப் படுத்துவிட்டேன். டாக்டர் பொய் சொல்லவில்லை என்று அவரிடம் தெரிவிக்கவும். வேதவதியிடம் தெரிவிக்க வேண்டாம்."

அந்த இரண்டாவது கடிதம் வந்த தேதி 18.4.1986.