வாசலில் ஒரு இருமல்

பாண்டீஸ்வரி தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். மயக்கம் தெளியும்போது நோயாளி இருமினால் தையல் தெறிக்கும், ரத்தம் கசியும். அதனால் தொண்டைக்குள் விட்ட குழாயை உருவுவதற்கு முன்பு, இருமலை அடக்கும் ஊசியை மயக்க டாக்டரம்மா கேட்பதற்குள் நீட்டிவிடுவாள்.

"இவ பக்கத்துல நின்னா ஒரு பேஷண்டும் இருமுறதில்ல" என்பார் டாக்டரம்மா.

வீட்டில் அந்த ஜம்பம் பலித்ததில்லை. புருஷன் சுருளிராஜன் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்தால் வாசலில் நின்று இருமுவார். அவர் பெண்டாட்டியைக் கூப்பிடும் லட்சணம் அது.

"இந்தா வாரேன்" என்று எழுந்துபோய்க் கதவைத் திறப்பாள். திறந்துவிட்டு, "வாயத் தொறந்து கூப்புட்டா கொறஞ்சா போயிருவீக?" என்று எரிந்து விழுவாள்.

போன ஐப்பசியில் மாரடைப்பு வந்து அவர் போய்ச்சேர்ந்தார். அதன்பிறகு அந்தக் கதவைத் தட்டியவர்கள் உண்டு, இருமியவர் இல்லை.

இன்று காலை, கழுத்துக் கட்டியை எடுத்த ஒரு விவசாயிக்கு ஊசி போட்டும் இருமல் அடங்கவில்லை. குழாய் வெளியே வந்ததும் கண்ணைத் திறக்காமலே கரகரவென்று இருமினார்.

அவர் தலைமாட்டிலேயே நின்றிருந்த பாண்டீஸ்வரி, "இந்தா வாரேன்" என்றாள்.