இரண்டு பேருக்கான காற்று

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்குள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். டயர் சூடானால் காற்றின் அளவு பொய் சொல்லுமாம். கிழக்குப் பக்கச் சக்கரங்களுக்கு வெயில் படாமல் ஒரு பழைய போர்வை போர்த்தியிருக்கும். தன் தலைக்கு அவர் ஒரு தொப்பி போட்டு நான் பார்த்ததில்லை.

கார் பச்சை நிறம். கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இருவருக்கும் மூத்தது. எந்த டயருக்கு எத்தனை பவுண்டு காற்று என்று கூட வந்த புத்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருக்கிறது. "அது அந்தக் காலத்து டயருக்கு சார். இப்ப போட்டிருக்கிறது வேற ஜாதி. புக்கை நம்பினா வளைவுல தள்ளாடும்" என்பார்.

ஆகவே முன்னால் ஒரு பவுண்டு குறைத்து, பின்னால் ஒன்று ஏற்றி, பக்கத்து வீட்டுக்காரன் என்ற பாவத்துக்கு என்னை உட்கார வைத்துத் தெருவைச் சுற்றுவார். மறுபடி மாற்றுவார், மறுபடி சுற்றுவார். "இது நல்லாருக்கா, முன்ன இருந்தது நல்லாருந்துச்சா?" கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற அதே குரல். எனக்கு இரண்டிலும் முதுகு ஒரே மாதிரிதான் வலிக்கும். "இதுதான்" என்பேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் உட்காரும் இடம் உண்மையில் அவர் மனைவியுடையது. போன வருஷம் பெட்ரோல் பங்கில் நாலு பேர் நிற்கும்போது, இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று யோசித்தவர், "ஏம்மா, இப்ப நீ எத்தனை கிலோ இருப்பே?" என்று உரக்கக் கேட்டுத் தொலைத்தார். காற்றடிக்கிறவர்கூடக் குழாயைக் கீழே வைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தாராம். அந்த அம்மா இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு சாப்பாடு உண்டு, பேச்சு உண்டு, காரில் ஏறுவது மட்டும் கிடையாது.

"கணக்குக்குத்தானே சார் கேட்டேன்?" என்று முதலில் வீராப்பாக இருந்தார். போகப் போகச் சுருதி இறங்கிவிட்டது. "அவளை வச்சு ஓட்டத்தான் சார் இதை வாங்கினேன். நீங்க தப்பா நினைக்காதீங்க." நான் ஏன் நினைக்கிறேன், அந்த அம்மா வந்தால் என் முதுகு பிழைக்கும்.

தெருவைச் சுற்றத்தான் நான். ஏரிக்கரை வரை போக என்னைக் கூப்பிட மாட்டார். இரண்டு பேருக்கான காற்றை அடித்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார். கதவு திறக்காது. வால்வை அழுத்தி, ஒருவருக்கான அளவுக்கு இறக்கிவிட்டுத் தனியாகப் போவார். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

போன ஞாயிறு அவர் வால்வை அழுத்தியதும் கதவு திறந்தது. தலையில் துணி கட்டிக்கொண்டு அந்த அம்மா. ஒரு கையில் ஜிப் மூடாத அளவுக்கு அடைத்த பை, மறு கையில் பெரிய தண்ணீர் கேன்.

"வாரா வாரம் எனக்குன்னு அடிச்ச காத்தைப் புஸ்ஸுன்னு எறக்கி விடுறீங்க. உள்ள இருந்து கேக்குறவளுக்கு எப்படி இருக்கும்?"

ஏறி உட்கார்ந்து, கேனை மடியில் வைத்துக்கொண்டார். வண்டி இடப்பக்கம் நன்றாகவே அமிழ்ந்தது.

"என்ன பாக்குறீங்க? ஏதாவது கேக்கணுமா?"

அவர் பையைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். டயரைப் பார்த்தார். கை தானாகவே சட்டைப் பையிலிருந்த காற்றுமானிக்குப் போயிற்று. ஐயோ, கெடுத்தார் மனிதர் என்று எனக்குப் பதறியது.

"சார், இதைக் கொஞ்சம் வச்சிருங்க" என்று அதை என் கையில் திணித்துவிட்டு, வால்வுக்கு மூடி போட்டார்.