கொள்ளுக் களத்தில் சாய்ந்த வண்டி

என் அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் நான் அந்த வண்டியில் ஏறியே இருக்க மாட்டேன். ஒரு பொங்கலுக்கு நானும் என் வீட்டுக்காரரும் பென்னாகரத்தில் என் தாய்வீட்டுக்குப் போயிருந்தோம். பந்தி நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் குழம்பு ஊற்றிக்கொண்டே வந்து என் வீட்டுக்காரர் இலை முன்னால் நின்றான்.

"நல்ல மாட்டை வித்துட்டு இரும்பை வாங்குன ஆளு இந்த ஜில்லாவுலயே எங்க மாப்ள ஒருத்தர்தான்" என்றான்.

பந்தியே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவர் எதற்கும் சிரிப்பார். யாராவது கன்னத்தில் அடித்தாலும் கை வலிக்கிறதா என்று கேட்கிற ஆள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அண்ணன் சொன்னது பொய்யில்லை. யுத்தம் முடிந்த கையோடு பெங்களூரில் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டார்கள். மாரண்டஹள்ளியில் காய்கறி பிடித்து வெளியூருக்கு அனுப்புகிறவர் என் வீட்டுக்காரர். வண்டி மாட்டை ஜோடியாக விற்றுவிட்டு அந்த ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தார். பச்சை நிறம், பெரிய வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் கித்தான் பை. அது வீட்டுக்கு வந்ததே ஒரு மாட்டு வண்டியில் ஏறித்தான். ஓடவில்லை. அதற்கப்புறம் வேலையில்லாத பொழுதெல்லாம் அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கழற்றிய சாமான்களை வரிசையாக வைக்க என் முறத்தை எடுப்பார். ராகி புடைக்கிற முறத்தில் எண்ணெய் வழிகிற நட்டும் போல்ட்டும். நான் கத்துவேன். அவர் தலையைத் தூக்காமல், "இந்தா, அந்த ஸ்பேனரை எடு" என்பார். கத்திக்கொண்டே எடுத்துக் கொடுத்து எனக்கும் ஒவ்வொரு சாமானின் பேரும் தெரிந்துபோனது.

அவரை நான் என்ன வேண்டுமானாலும் சொல்வேன். இன்னொருத்தன் சொல்லக் கூடாது. பந்தியிலேயே அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்.

"அடுத்த பொங்கலுக்கு அந்த இரும்புலயே வந்து இந்த வாசல்ல எறங்குறேன். இல்லைன்னா இந்த வூட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன்."

நல்ல நாளில் என்ன பேச்சு இது என்று ஆத்தா அழுதாள். நான் சொன்னால் சொன்னதுதான். அந்த வருஷம் முழுக்கத் தாய்வீட்டுப் பக்கம் போகவில்லை. ஆத்தாவுக்கு ஐப்பசியிலிருந்து மூச்சிரைப்பு. மாட்டு வண்டியிலாவது வந்து போகச் சொல் என்று ஆள்மேல் ஆள் சொல்லி அனுப்பினாள். தலைமாட்டில் உட்கார வேண்டியவள் நான். ஆனால் சொன்ன சொல் குறுக்கே நின்றது. வண்டி ஓடினால்தான் ஆத்தாவைப் பார்க்க முடியும் என்று ஆகிவிட்டது. அவர் அதைப் புரிந்துகொண்டார். ராத்திரியிலும் விளக்கை வைத்துக்கொண்டு வேலை செய்தார். மார்கழியில் வண்டி ஓடியது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் கிளம்பினோம். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் செருப்புப் போட மாட்டார்கள். வண்டியில் கால் சுட்டுவிடும் என்று எனக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தார். கித்தான் பையில் அவரைக்காய், முறுக்கு, ஆத்தாவுக்குப் புடவை. ஆத்தா கேட்டிருந்த இரும்புக் கரண்டியும் இருந்தது. கை சுடாத அளவுக்குக் காம்பு நீளமாக வேண்டும் என்று கேட்டிருந்தாள். அது பைக்குள் அடங்காமல் வெளியே நீட்டிக்கொண்டு வந்தது. நான் பின்னால் இடது பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தேன். பாலக்கோட்டில் சனம் கடையை விட்டு இறங்கி வந்து பார்த்தது. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பாலக்கோடு, பாப்பாரப்பட்டி எல்லாம் தாண்டிப் பென்னாகரம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதும் ரோடு முழுக்கக் கொள்ளுக்கொடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படித்தான். ரோட்டில் போட்டுவிட்டால் போகிற வண்டிச் சக்கரமெல்லாம் மிதித்துக் கொடுக்கும். தடுத்து நிறுத்த மாட்டார்கள், ஏறிப் போகச் சொல்வார்கள். ஆனால் தானியம் கிடக்கிற இடம் களம். களத்தில் செருப்புக் காலோடு யாரும் நடக்க மாட்டோம். பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம்.

நான் கொள்ளைப் பார்த்தேன். என் காலைப் பார்த்தேன். "ஏங்க, செருப்பு" என்றேன்.

அவர் வேகத்தைக் குறைத்தார். மாடு நடக்கிற வேகம்கூட இல்லை. குனிந்து இடது காலைத் தூக்கிச் செருப்பை உதறினார். அதே நேரம் நானும் இடது பக்கம் சாய்ந்து என்னுடையதை உதறினேன். உதறிய காலை அவர் கீழே ஊன்றினார். காலுக்கடியில் கொள்ளுக்கொடி வழுக்கியது. வண்டி மெதுவாக, தூக்கம் வந்த எருமை படுப்பது போல, இடது பக்கம் படுத்துவிட்டது. அது படுக்குமுன்னே நான் குதித்து நின்றேன். அவர் கொள்ளில் உட்கார்ந்திருந்தார். ஒருத்தருக்கும் அடி இல்லை. மிச்சச் செருப்பையும் கழற்றி ஓரமாகப் போட்டோம்.

கொள்ளுக்குச் சொந்தக்காரி முறத்தோடு ஓடிவந்தாள். என் வயசு இருக்கும், என்னை மாதிரியே வாய்.

"வண்டில போறவங்க யாராச்சும் செருப்பைக் கழட்டுவாங்களா? பஸ்ஸுக்காரன் என்ன கழட்டிட்டா போறான்?"

"கழட்டாம ஏறுனா அதுக்கும் நீ பேசுவ" என்றேன்.

"பேசத்தான் செய்வேன். பெட்ரோலு கொட்டுது பாரு, இந்தக் கொடியை எம்மாடு மோந்து பாக்குமா?"

அவள் கேட்டது நியாயம். மூன்று பேரும் சேர்ந்து வண்டியை நிமிர்த்தினோம். பெட்ரோல் பட்ட கொடியை அவள் திட்டிக்கொண்டே வாரி ஓரமாகப் போட்டாள். பிறகுதான் வண்டியைப் பார்த்தோம். அந்த வண்டிக்கு பிரேக் மிதி இடது பக்கம். கால் வைக்கிற இரும்பு மேலே வளைந்து பிரேக் மிதியில் சிக்கி அதை அழுத்திக்கொண்டிருந்தது. பின்சக்கரம் நகரவில்லை. ஹேண்டில்பார் ஒரு பக்கமாகத் திரும்பி நின்றது. இடது கைப்பிடியில் கிளட்ச் பிடிக்கிற கம்பி பாதியில் உடைந்து, ஒரு விரல் நீளம்தான் மிச்சம் இருந்தது.

அவர் பின்சக்கரத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பாப்பாரப்பட்டிக்குத் திரும்பி நடந்து பஸ்ஸைப் பிடிக்கலாம், ஆத்தாவைப் பார்ப்பதுதானே முக்கியம் என்று இழுத்தார். அந்தப் படியை நான் எப்படி மிதிப்பேன் என்று கேட்டேன். சாமான் பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.

ஹேண்டில்பாரை முதலில் பார்த்தோம். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்தேன். அவர் நட்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரை முறுக்கினார். ரோட்டில் போன ஆடு மேய்க்கிறவர்கள் நின்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். நேராகிவிட்டது.

கால் வைக்கிற இரும்பைக் கல்லால் தட்டி இறக்கலாம் என்று நான் ஒரு கல்லை எடுத்தேன். பெற்ற பிள்ளையை அடிக்கப் போனது போல என் கையைப் பிடித்துக்கொண்டார். களத்துக்காரியிடம் கடப்பாரை இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, இஞ்சின் மேல் கீறல் விழக் கூடாதென்று தன் துண்டை மடித்து வைத்து, அதற்குமேல் கடப்பாரையைச் செருகினார். மூன்று பேரும் நெம்பினோம். இரும்பு முனகியது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பிரேக் மிதி விடுபட்டது. சக்கரம் உருண்டது. துண்டில் பெரிய ஓட்டை. அதைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தார்.

கிளட்ச்தான் வம்பு செய்தது. மிச்சமிருந்த துண்டை இரண்டு விரலால் பிடித்து அவர் இழுத்தார். அசையவில்லை. வேப்பங்குச்சியை வைத்துக் கட்டினார். இழுத்ததும் முறிந்தது. இன்னும் தடியான குச்சியைத் தேடப் போனார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கரண்டியை உருவி அவர் முன்னால் நீட்டினேன்.

"அது ஆத்தாளுக்கு வாங்குனது" என்றார்.

"ஆத்தாளைப் பாக்கணும்னா கட்டுங்க."

காம்பு நல்ல பட்டை இரும்பு. உடைந்த துண்டின்மேல் அதைப் படுக்க வைத்தோம். அவரைக்காய் மூட்டை கட்டியிருந்த சணலை அவிழ்த்து, களத்துக்காரியின் பானைத் தண்ணீரில் ஊறப் போட்டேன். கிணற்று வாளிப் பிடி ஆடினால் நாங்கள் ஈரச் சணலால்தான் சுற்றுவோம், காய்ந்தால் இறுகிவிடும். அவர் கரண்டியை அழுத்திப் பிடிக்க, நான் சுற்று நெருங்கச் சுற்றினேன். பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். கரண்டியின் குழி ஹேண்டில்பார் நுனியில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

சணல் காய்கிற வரை களத்துக்காரி கூழ் கொடுத்தாள். எந்த ஊர், என்ன அவசரம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். தனக்கும் ஒரு அண்ணன் இருக்கிறான், அவனும் இதே லட்சணம்தான் என்றாள். அவர் அதற்குள் பிளக்கைக் கழற்றி, ஊறிப்போயிருந்த பெட்ரோலைச் சட்டையில் துடைத்து, ஊதி மாட்டினார். உதைத்தார். பல தடவை உதைத்த பிறகு வண்டி இருமிக்கொண்டு எழுந்தது.

"சரியா புடிக்குதான்னு ஓட்டிப் பாருங்க" என்றேன்.

"ஓட்டுறது ஓட்டுறீங்க, எங்கொள்ளு மேல ஓட்டுங்க" என்றாள் அவள். "கொட்டுன பெட்ரோலுக்கு அந்த மட்டுமாவது மிஞ்சட்டும்."

வெறுங்காலோடு அவர் அந்தக் கொள்ளின்மேல் போவதும் வருவதுமாக ஓட்டினார். கரண்டியைப் பிடிப்பார், விடுவார். அவள் பின்னாலேயே ஓடி, அங்கே மிதியுங்கள், இங்கே மிதியுங்கள் என்று கொடியைத் தள்ளிப் போட்டாள். கரண்டி நின்றது. எனக்குப் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு. இந்த ஆள் மாட்டை விற்றுவிட்டுக் கடைசியில் மாட்டு வேலைதான் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

மறுபடி ஏறும்போது பயமாக இருந்தது. அவர் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் பென்னாகரத்தில் எங்கள் வாசலில் போய் இறங்கினேன். தெருவே கூடிவிட்டது. ஆத்தா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மெலிந்துபோயிருந்தாள். என் முகத்தைத் தடவிவிட்டு முதலில் கேட்டது, "எங்கடி செருப்பு, மாப்ள வெறுங்காலா வந்திருக்காரு?" என்றுதான்.

அப்போதுதான் எங்களுக்கே நினைவு வந்தது. நாலும் களத்து ஓரத்திலேயே கிடந்தன. எதையோ சொல்லி மழுப்பினேன். கரண்டியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, பட்டாள வண்டிக்கு அப்படித்தான் இருக்கும் என்றேன்.

அண்ணன் வீட்டில் இல்லை. எங்களைக் காணோம் என்று மத்தியானமே வண்டியைப் பூட்டிக்கொண்டு ஏரிக்கரை வழியாகத் தேடிப் போயிருக்கிறான் என்றார்கள். அந்த வழி மாட்டு வண்டிக்குக் குறுக்கு வழி, நாங்கள் வந்தது ரோட்டு வழி. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நாங்கள் நடுரோட்டில் நிற்பதைப் பார்க்கப் போயிருக்கிறான் என்றுதான் நினைத்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்தான். மாட்டுக்கு வாயில் நுரை. சொந்தக்காரர்கள் எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள். அண்ணன் இறங்கி, துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து, படிக்குப் பக்கத்தில் வைத்தான். எங்கள் செருப்பு நாலும் ஜோடி ஜோடியாக இருந்தன. களத்துக்காரி வாயுள்ளவள், ஒன்று விடாமல் சொல்லியிருப்பாள். இத்தனை பேர் முன்னால் அவன் வாயைத் திறந்தால் அவ்வளவுதான்.

பெரியப்பா ஒருத்தர், என்னப்பா வழியில் இவர்களைப் பார்க்கவில்லையா என்று கேட்டார்.

"எங்க பாக்கறது, அது போற வேகத்துக்கு?" என்றான் அண்ணன். என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "வாங்க மாப்ள. ஆத்தாளுக்கு அவ மகளைக் கொண்டாந்து காட்டிட்டீங்க" என்றான். மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

உள்ளே போய் ஆத்தாவுக்குக் கஞ்சி வைத்தேன்.

மறுநாள் காலையில் அண்ணன் தயங்கித் தயங்கி என் வீட்டுக்காரரிடம் வந்தான். சந்தை வரைக்கும் தன்னையும் உட்கார வைத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டான். இவர் அப்போதே எழுந்து சட்டையை மாட்டினார். அண்ணன் வண்டியில் ஏறப் போனவன் நின்று, தன் செருப்பைக் கழற்றி, படியோரம் எங்கள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான்.

"செருப்பை எதுக்குடா வெச்சுட்டுப் போற?" என்று ஆத்தா கேட்டாள்.

"வழியில களம் ஏதாச்சும் வந்தாலும் வரும்" என்றான் என்னைப் பார்த்துக்கொண்டே.

முற்றத்தில் இருந்த மற்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே கரண்டியைப் பிடித்து வண்டியைக் கிளப்பினார்.