அண்ணன் போடாத கையெழுத்து

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவரை நினைத்து வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். இந்த மாதிரி நினைவு மலரில் கண்ணீரோடு எழுதுவதுதான் மரியாதை என்று சித்தப்பா சொன்னார். என்னிடம் கண்ணீர் தீர்ந்துவிட்டது, கோபம்தான் மிச்சம் இருக்கிறது. மாலுமிகளுக்குப் பயிற்சி கொடுக்காமலே சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர் என்று அண்ணனைப் பற்றி ஒரு கோப்பில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த வரியை அடிக்க வைக்காமல் நான் ஓயப்போவதில்லை. இந்தக் கட்டுரையும் அதற்காகத்தான்.

அண்ணன் மைசூரில், மண்டி மொஹல்லாவில் பிறந்தவர். அப்பா தருமபுரிப் பக்கத்திலிருந்து ரயில்வே பணிமனை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர். கீழே வெல்ல மண்டி, மாடியில் எங்கள் வீடு. கப்பல் படிப்புக்குப் போகிறேன் என்று அண்ணன் சொன்ன அன்று சித்தப்பா, "எங்கடா ஓட்டப் போற, குக்கரஹள்ளி கெரேலயா?" என்று ஊர் ஏரியைச் சொல்லிக் கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் பிரசித்தம். அண்ணன் சிரித்துக்கொண்டே போனார், படித்தார், படிப்படியாக உயர்ந்து இரண்டாம் அதிகாரி ஆனார். அப்பா தவறியபோது அவர் நடுக்கடலில் இருந்தார். கொள்ளி வைக்க வந்து சேர முடியவில்லை. சித்தப்பாதான் வைத்தார். அந்தக் குறை அண்ணன் மனத்தை விட்டுப் போகவே இல்லை.

அவருடைய வாழ்க்கையைத் திருப்பிவிட்டது ஒரு தீ விபத்து. கப்பலின் என்ஜின் அறை பற்றி எரிந்தது. எல்லோரும் உயிர்காப்புப் படகில் இறங்க வேண்டிய நிலை. படகின் கொக்கிகளை விடுவிக்க வேண்டியவரிடம் முத்திரை குத்திய சான்றிதழ் இருந்தது, ஆனால் அவர் அந்தக் கைப்பிடியை வாழ்நாளில் தொட்டதே இல்லை. படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே பதற்றத்தில் இழுத்துவிட்டார். ஒரு பக்கக் கொக்கி மட்டும் விடுபட்டது, படகு செங்குத்தாகத் தொங்கியது. பிலிப்பைன்ஸ் நாட்டுச் சமையற்காரர் ஒருவர் விழுந்து இறந்தார். அண்ணன் ஊருக்கு வந்து வெகுநாள் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். "ஏதோ ஒரு நாட்டுக்காரன் போட்ட கையெழுத்த நம்பித்தான் பாப்பா நாங்க படகுல ஏறுறோம்" என்பார்.

அதன் பிறகு கடலை விட்டுவிட்டு, மேற்குக் கரையில் உள்ள ஒரு தனியார் பயிற்சி நிறுவனத்தில் ஆசிரியராகச் சேர்ந்தார். கப்பல் ஒரு நாட்டுடையது, முதலாளி வேறு நாட்டுக்காரர், வேலை செய்பவர்கள் ஐந்தாறு நாட்டவர்கள். எல்லோருடைய பயிற்சியும் ஒரே தரத்தில் இருந்தால்தான் உயிர் தப்பலாம் என்று அண்ணன் உறுதியாக நம்பினார். அவருடைய முயற்சியால்தான் வட ஐரோப்பாவில் உள்ள ஒரு கடல்சார் கல்விக்கழகத்தோடு கூட்டுப் பயிற்சி தொடங்கியது. பாடத்திட்டம் ஒன்றே. அவர்கள் ஆசிரியர்கள் இங்கே வருவார்கள், நம்மவர்கள் அங்கே போவார்கள். இந்தியர், வங்கதேசத்தவர், இலங்கையர் என்று எல்லோரும் ஒரே படகில் ஏறிப் பழகினார்கள். ஒவ்வொருவரும் தன் கையால் கொக்கியை விடுவித்துக் காட்டிய பிறகே அண்ணன் கையெழுத்திடுவார். ஒருவர் காய்ச்சலில் வராவிட்டால் அவர் ஒருவருக்காக மறுநாள் படகு இறங்கும்.

இந்தப் பிடிவாதம் அந்த நிறுவனத்தின் முதல்வருக்கு ஆகவில்லை. அவர் பெயரை எழுத மாட்டேன். அண்ணனின் மலரில் அந்தப் பெயருக்கு இடம் கிடையாது.

அம்மா தவறியபோது அண்ணன் கரையில் இருந்தார். அப்பாவுக்குச் செய்ய முடியாததையும் சேர்த்துச் செய்வதுபோல முழு விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, பதினோரு நாளும் ஊரை விட்டு நகராமல் இருந்தார். பதினோராம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில், பச்சிமவாகினித் துறையில் தலை மழித்து, காவிரியில் இறங்கிப் பிண்டம் கரைத்தார். இதைப் படிக்கும் உங்களில் பலர் அன்று அந்தப் படியில் நின்றீர்கள். மதியம் மண்டபத்துச் சாப்பாட்டுக்கு முதல்வரும் வந்தார். துக்கம் கேட்க வந்தாராம். பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த சித்தப்பாவின் காது கேட்கவே அண்ணனிடம், "நீங்க நிம்மதியா இருந்து காரியத்த முடிச்சுட்டு வாங்க சார், இந்த பேட்ச் டிரில்ல தள்ளி வச்சாச்சு" என்றார். இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டார். மொட்டைத் தலையோடு இருந்த அண்ணன் தோளில் கை போட்டு, எங்கள் வீட்டுப் பையன் ஒருவனைப் படமும் எடுக்கச் சொன்னார்.

பயிற்சி தள்ளிவைக்கப்படவில்லை. நடக்கவும் இல்லை. அந்தக் குழுவினர் அத்தனை பேருக்கும் சான்றிதழ் போய்விட்டது. 'இன்று என் மேற்பார்வையில் படகு இறக்கிக் காட்டினார்' என்று அம்மாவின் பதினோராம் நாள் தேதியிட்டு, கீழே அண்ணனின் கையெழுத்து. அலுவலகக் கணினியில் வேறு கடிதங்களுக்காக வைத்திருந்த கையெழுத்தை எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தேதியை அட்டவணையில் இருந்தபடியே போட்டவர்களுக்கு, அன்று ஆசிரியர் ஊரில் இல்லை என்ற நினைப்பே வரவில்லை. பக்கத்தில் முதல்வரும் தன் கையால் கையெழுத்திட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பாயசம் சாப்பிட்ட அதே கை.

சில மாதம் கழித்து, அந்தச் சான்றிதழோடு கப்பலேறிய ஒருவரிடம் வெளிநாட்டுத் துறைமுக அதிகாரிகள் படகை இறக்கிக் காட்டச் சொன்னார்கள். அவருக்கு எங்கே தொடுவதென்றே தெரியவில்லை. கப்பலை நிறுத்திவிட்டார்கள். கூட்டாளிக் கல்விக்கழகம் விளக்கம் கேட்டது. முதல்வர் யோசிக்கவே இல்லை. பயிற்சியை நடத்தாமல் கையெழுத்துப் போட்ட ஆசிரியரை நீக்கிவிட்டோம் என்று பதில் எழுதிவிட்டார். விடுப்பு பற்றிக் கேட்டதற்கு, அன்று அண்ணன் பணியில் இருந்ததாகத் திருத்தி எழுதிய வருகைப் பதிவேட்டையே காட்டினார்.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். நாங்கள் எல்லோரும் கொதித்தோம். "அண்ணா, அந்தப் படம் ஒண்ணு போதுமே, அனுப்பி வைங்க" என்றேன். அண்ணியும் கெஞ்சினார்.

"பேடா பாப்பா" என்றார். அண்ணன் கன்னடத்தில் 'வேண்டாம்' சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஆனாலும் நான் விடவில்லை.

"ஏன் பேடா? அவன் உங்க பேரையே அழிக்கிறான்!"

"அம்மா காரியம் செஞ்சது அம்மாவுக்கு. அத எடுத்துட்டுப் போயி ஒரு ஆபீஸ் மேஜைல எவிடென்ஸ்னு வைக்கணுமா? நான் போடலைன்னு சொல்லிட்டேன். நம்பறவங்க நம்பட்டும்."

யாரும் நம்பவில்லை. அவர் பயிற்சி அளிப்பதற்கான அங்கீகாரத்தை நிறுத்திவைத்தார்கள். கப்பலில் அவரோடு வேலை செய்த நண்பர்களும் போனை எடுப்பதை நிறுத்தினார்கள். மூன்று மாதம் அண்ணன் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் மருத்துவர். அது மாரடைப்பு மட்டும்தான் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. நிறுவனத்தின் பெயர் எழுதிய பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது. அண்ணி அதை வாசற்படி ஏறவிடவில்லை. வந்த ஆட்டோவிலேயே திருப்பி அனுப்பினார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

அண்ணன் வேண்டாம் என்றதை நான் செய்துவிட்டேன். படத்தையும், மண்டபத்துக்கு முன்பதிவு செய்த காகிதத்தையும், விடுப்புக் கடிதத்தின் நகலையும் அந்த ஐரோப்பியக் கல்விக்கழகத்துக்கு அனுப்பினேன். அண்ணன் மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. பழி வாங்குகிறாயா என்று நம் உறவிலேயே ஒருவர் கேட்டார். ஆமாம், பழிதான் வாங்குகிறேன். அந்த முதல்வரின் கையெழுத்து உலகத்தில் எந்தத் துறைமுகத்திலும் செல்லாமல் போக வேண்டும். அவர் பெயரைப் பார்த்தாலே எந்த நாட்டு அதிகாரியும் காகிதத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று சான்றிதழ் வாங்கியவர்கள் அத்தனை பேரும் மறுபடி படகில் ஏறிக் கற்க வேண்டும். அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், பத்து நாளும் எங்களுக்குச் சோறு அனுப்பிய வெல்ல மண்டிக்காரருக்கும், எல்லாக் காரியத்தையும் முன்னின்று நடத்திய சித்தப்பாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. ஐரோப்பாவில் அண்ணனோடு பாடத்திட்டம் வகுத்த ஒரு பெண் கேப்டனுக்குச் சிறப்பாக நன்றி சொல்கிறேன். என் கடிதத்தைப் படித்துவிட்டு விசாரணையை மறுபடி திறக்க வைத்தவர் அவர். படத்தில் மொட்டைத் தலை தெரிகிறது, தேதி தெரியவில்லை, அன்று நேரில் பார்த்தவர்கள் தங்கள் கைப்பட எழுதிக் கொடுத்தால் போதும் என்று கேட்டிருக்கிறார்.

ஆகவே இந்த மலரின் கடைசிப் பக்கத்தில் படங்கள் எதுவும் அச்சிடவில்லை. அம்மாவின் பதினோராம் நாளில் அண்ணனைக் காவிரித் துறையிலோ மண்டபத்திலோ கண்ணால் கண்டேன் என்று மேலே ஒரு வரி இருக்கிறது, கீழே கோடுகள் இருக்கின்றன. அன்று வந்திருந்தவர்கள் மட்டும் கையெழுத்திட்டு, சாப்பிட்டுப் போவதற்குள் என்னிடம் கிழித்துக் கொடுங்கள். வராதவர்கள் எங்கள் மேல் உள்ள அன்பினால்கூடப் போட வேண்டாம். அண்ணன் அதை ஏற்க மாட்டார். முதல்வருக்கும் ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அவருடைய பிரதியில் ஒரே ஒரு கோடுதான் இருக்கிறது. அன்று எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர், அவரும் பார்த்தார்.