பின் சீட்டில் மூன்று பேர்

வெள்ளை யூனிஃபார்ம் போட்ட மருத்துவச்சி ஒருத்தி காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பதை அந்தக் காலத்தில் மலாக்கா காஜா பெராங்கில் பார்க்காதவர்கள் குறைவு. வெளியே இரண்டு கால்களும், பாய் ஓரத்தில் ஜோடியாகக் கழற்றி வைத்த வெள்ளைச் சப்பாத்தும் மட்டும்தான் தெரியும். சைக்கிளில் போகிறவர்கள் காலை ஊன்றி நின்று, "என்னா மிஸ்ஸி, என்னா ஆச்சு?" என்று கேட்பார்கள். "காருக்கு இடுப்பு வலி. நீங்க போங்க, நான் பாத்துக்கிறேன்" என்று அடியிலிருந்தே பதில் வரும்.

அந்த மிஸ்ஸி என் அக்கா. சுகாதார இலாகாவில் மருத்துவச்சி. தன் ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரையிடம் வாங்கிய பழைய நாலு கதவுக் கார் அவளுடையது. நான் பட்டணத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. கார் ஓட்டும் பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே கிடைக்கும் என்று சொந்தக்காரர்கள் கவலைப்பட்டார்கள். அக்கா கவலைப்பட்டது செங் தோட்டத்துக்குப் போகும் மண் ரோட்டைப் பற்றி.

அந்த ரோட்டை இப்போது சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ரப்பர் மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை. லாரிகள் உழுது போட்ட பள்ளங்கள். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் கல். வீட்டுப் பிரசவம் பார்ப்பதுதான் அக்காவின் வேலை. ஆனால் சிக்கலான பிரசவம் என்றால் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவர வேண்டும். பிள்ளை பெறப் போகிறவளை நம் ஆட்கள் தனியாக அனுப்புவார்களா? மாமியார் ஏறுவாள், பெற்றவள் ஏறுவாள், பாய் ஏறும், வெந்நீர்ப் பானை ஏறும். "நான் மட்டும் எதுக்கு வீட்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரியும் ஏறப் பார்ப்பாள். கார் பின்பக்கம் அமுங்கி, தரையைத் தேய்க்கிற மாதிரி போகும்.

அப்படி அமுங்கிப் போன ஒரு நாளில்தான் அது நடந்தது. செங் தோட்டத்தில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டும் ஓர் அம்மாவின் மகளுக்குப் பிரசவம் ஆகி, ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. அக்கா தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள். பாதி வழியில் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி, பின் ஸ்பிரிங் பட்டை ஒன்று முறிந்தது. லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போவதற்குள் அந்தப் பெண் போய்விட்டாள். ரோடு காரணமில்லை, எப்படிக் கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அக்கா அதை ஏற்கவில்லை. மகளைப் பறிகொடுத்த அந்த அம்மாவும் ஏற்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அக்காவுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்தது. சீனர் பட்டறைக்குப் போய், பின்பக்கம் இரண்டு பக்கமும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போடச் சொன்னாள். கார் இனிமேல் தரையைத் தொடாது. ஆனால் வேறொரு சனியன் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங் கனத்தைத் தாங்கும். அதன் துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். எங்கள் காரில் அது நாலும் எண்ணெய் கசிந்து செத்துக் கிடந்தது. பள்ளத்தில் ஒருதரம் விழுந்தால் கார் உடனே அடங்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். புதியது வாங்கும் வசதி எங்களுக்குக் கிடையாது. இலாகாவில் கேட்டாள், கார் உன் சொந்தம், நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் மருந்துக்கடையில் விளக்கெண்ணெய் வாங்கிவந்து அதை ஷாக் அப்சார்பரில் ஊற்றினாள். "கெட்டியா இருக்கிற எண்ணெய்தான் துள்ளலை அடக்கும், எனக்குத் தெரிஞ்சு இதை விடக் கெட்டி எது?" என்றாள். வேலை செய்யத்தான் செய்தது. நாலு பிரசவம் பார்த்து வருவதற்குள் அதுவும் ஒழுகிவிடும். பிள்ளை பெற்ற வீட்டு வாசனை வரும் கார் மலாக்காவில் எங்களுடையது ஒன்றுதான்.

மெர்டேக்கா, நாட்டுச் சுதந்திரம், வந்த சமயம் அது. அதுவரை தொரைமார் மட்டும் நடத்திக்கொண்டிருந்த கார்ப் பந்தயத்தில் இனி ஊர்க்காரர்களும் கலந்துகொள்ளலாம் என்று அறிவித்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு கரடுமுரடான திடல். எண்ணெய்ப் பீப்பாய்களை அங்கங்கே நிறுத்தி வைத்திருப்பார்கள். வளைந்து வளைந்து ஓட்டி, சீக்கிரம் வந்து சேர வேண்டும். பீப்பாயைத் தொட்டால் நேரம் கூடும். முதல் பரிசாகப் பட்டணத்து உதிரிப்பாகக் கடை ஒன்று, ஜெயித்தவரின் காருக்குப் பொருந்தும் புது ஷாக் அப்சார்பர் நாலும் தரும் என்று போட்டிருந்தது. அக்கா அந்த நோட்டீஸைப் படித்த முகத்தை நான் மறக்கமாட்டேன். கோப்பை கொடுத்திருந்தால் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள்.

பட்டறை முதலாளி, அந்தச் சீனத் தவுக்கேக்கு ஒரே குஷி. காரைச் சுற்றிச் சுற்றி வந்து, கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னார். முன் ஸ்பிரிங்கை ஒரு சுற்று அறுத்துக் காரைத் தாழ்த்த வேண்டும். பின்னால் போட்ட கூடுதல் பட்டையைக் கழற்ற வேண்டும். "மிஸ்ஸி ஒரு ஆள்தான் ஓட்டுற. ஒரு ஆளுக்கு எதுக்கு இவ்ளோ பட்டை? காலி வண்டில இது குதிரை மாதிரி உதைக்கும் லா." அவர் சொன்னதில் தப்பே இல்லை. பந்தயத்துக்கு அதுதான் சரி. அக்காவும் தலையாட்டினாள். பிறகு, "கழட்டுனா திரும்ப மாட்ட எவ்வளவு நேரம் ஆகும் தவுக்கே?" என்று கேட்டாள். ஒரு நாள் முழுக்க ஆகும் என்றார். "அப்ப வேணாம்."

ஏன் வேண்டாம் என்று எனக்குத் தெரியும். செங்கில் மகளைப் பறிகொடுத்த அதே அம்மாவின் மருமகள் நிறைமாதம். பிள்ளை தலை மேலாக, கால் கீழாக இருந்தது. வீட்டில் பெறவே கூடாது. எப்போது வலி வரும் என்று சொல்ல முடியாத நிலையில், பட்டையைக் கழற்றிப்போட்ட காரை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்வாள்? அதை விடப் பெரிய சிக்கல், அந்த அம்மா காரில் ஏற்றவே மறுத்துவிட்டாள். "அந்த வண்டில ஒரு பொண்ண ஏத்தி அனுப்புனது போதும் மிஸ்ஸி. இன்னொருத்திய ஏத்தமாட்டேன். என்னா ஆனாலும் என் வீட்லயே ஆவட்டும்." அக்கா கெஞ்சினாள், அதட்டினாள், அந்த அம்மா அசையவில்லை. வீட்டுக்கு வந்து அக்கா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணும் பிள்ளையும் பிழைப்பது அந்த அம்மா மனசு மாறுவதில் இருந்தது. கார் துள்ளாது என்று காட்டாமல் அவள் மனசை மாற்ற முடியாது என்று அக்கா உறுதியாக நம்பினாள்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தில் மண்ணெண்ணெய் டின்களை நிறுத்தி ஓட்டிப் பழகினாள். தவுக்கே சொன்னது அப்படியே நடந்தது. தனியாக ஓட்டினால் காரின் பின்பக்கம் குதித்து விலகி, டின்களைத் தட்டிக்கொண்டே போனது. கடகடவென்று அவை உருளும் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு பீபிக் வெளியே வந்தார். பீபிக் என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பெரியம்மா மலாக்காச் செட்டி வம்சம். பல தலைமுறையாக மலாக்காவே அவர்கள் ஊர். பட்டையாகத் திருநீறு பூசுவார், தமிழ் மட்டும் அவ்வளவாக வராது, பேச்சு மலாய்தான். நல்ல தாட்டியான உடம்பு. தன்னைப் பசார் என்கிற சந்தைக்குக் கொண்டுபோய் விடச் சொல்லிப் பின் சீட்டில் ஏறினார். நானும் என் பங்குக்கு ஏறிக்கொண்டேன். அக்கா சும்மா விளையாட்டுக்கு, போகிற போக்கில் டின்களுக்கு நடுவே புகுந்து வளைத்தாள்.

ஒரு டின்கூட விழவில்லை.

அக்கா காரை நிறுத்திவிட்டுத் திரும்பி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். சாமி சிலையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "அடியே, நான் ஒரு மக்கு! இந்த ஸ்பிரிங்க நான் எனக்காகவா போட்டேன்? பின்னால மூணு பேர் உக்கார்றதுக்குல்ல போட்டேன்! மூணு பேர் உக்காந்தாத்தானே அது ஒழுங்கா வேலை செய்யும்!" பீபிக்குக்கு ஒன்றும் புரியவில்லை. "பசார், பசார்" என்று சீட்டைத் தட்டினார்.

மறுநாளே பந்தயச் செயலாளரிடம் போய், ஆள் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். அந்தத் தொரை சிரித்துவிட்டு, சீட் இருக்கிற அளவுக்கு ஏற்றிக்கொள், அதைத் தடுக்க விதி ஒன்றுமில்லை என்றார். கனம் கூடினால் வேகம் குறையும், எவள் வேண்டுமென்று ஏற்றுவாள் என்று நினைத்திருப்பார். அங்கிருந்து அக்கா நேராகச் செங்குக்குப் போனாள். "மருமகள ஏத்த வேணாம். நீங்க ஏறி உக்காருங்க. குலுங்குச்சுன்னா எல்லார் முன்னாலயும் எறங்கி நின்னு என்னைத் திட்டுங்க" என்றாள். திட்டக் கிடைத்த வாய்ப்பை விட மனசில்லாமலோ என்னவோ, அந்த அம்மா மருமகளை அவளைப் பெற்றவளிடம் விட்டுவிட்டு வந்தாள்.

திடலில் எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. தாழ்த்திய கார்கள், பளபளக்கும் கார்கள், தலையில் தொப்பி மாட்டிய வாலிபர்கள். நடுவில் எங்கள் கார். பின் சீட்டில் கெபாயாச் சட்டை போட்டு வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்த பீபிக், கைத்தறிச் சேலையில் முகத்தை இறுக்கிக்கொண்டு அந்தச் செங் அம்மா, இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கிப்போய் நான். ஒலிபெருக்கியில் பேசியவன், "மகளிர் சங்கக் கூட்டம் அந்தப் பக்கம்" என்று இங்கிலீஷில் கிண்டலடித்தான். எனக்கு ரத்தம் கொதித்தது. அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நல்லா கனமா உக்காருடி" என்றாள், அவ்வளவுதான்.

கொடி இறங்கியது. மற்றவர்கள் எகிறிக் குதித்து ஓட்டிய அந்தத் திடலில் நாங்கள் படகில் போகிற மாதிரி போனோம். வேகத்தில் எங்களைவிடச் சீறிய கார்கள் இருந்தன, ஆனால் ஆளுக்கு ஒரு பீப்பாயையாவது முட்டித் தள்ளியிருந்தார்கள். காலையில் புதிதாக ஊற்றிய விளக்கெண்ணெய் காரை அடக்கிப் பிடித்தது. எங்கள் கனம் நாலு சக்கரத்தையும் தரையில் அழுத்தி வைத்தது. வளைவுகளில் பீபிக் என் மேல் சாய, நான் செங் அம்மா மேல் சாய, "ஜாஙான் தாக்குட், ஜாஙான் தாக்குட்", பயப்படாதே என்று பீபிக் யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தார். கண்ணை மூடியிருந்தவர் அவர் மட்டும்தான். ஒரு பீப்பாயையும் தொடாமல் வந்து நின்றோம். கிண்டலடித்த அதே ஒலிபெருக்கி முதல் பரிசு எங்களுக்கு என்று சொன்னது. இரண்டாவதாக வந்தவன் ஆட்சேபணை கிளப்பினான். தான் சொன்ன விதியைத் தானே மாற்ற முடியுமா? செயலாளர் கையை விரித்துவிட்டார்.

பெட்டியில் வந்த ஷாக் அப்சார்பரைச் செங் அம்மா தொட்டுப் பார்த்தாள். "இந்த மேடு பள்ளத்துல வயித்துத் தண்ணிகூட அசையல. ஒத்துக்கிறேன். ஆனா எங்க ரோடு வேற மிஸ்ஸி. இதையும் மாட்டிட்டு வா. அப்புறம் ஏத்துறேன்" என்றாள். தவுக்கே அன்றைக்கே மாட்டிக் கொடுத்தார். கூடுதல் பட்டையைக் கழற்று என்று அவர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

இப்போது செங் முழுக்கத் தொழிற்சாலைகளும் வீடமைப்பும்தான். அக்கா பிறகு கல்யாணமும் செய்துகொண்டு, பேரன் பேத்தியும் பார்த்துவிட்டுத்தான் போனாள். அவள் பேரன் வார இறுதியில் பந்தயத் தளத்துக்குப் போகிறவன். செமாபோக்கில் என் வீட்டுக்கு வந்து, எந்த சஸ்பென்ஷன் போடலாம் என்று போனில் படம் படமாகக் காட்டுவான். "யார ஏத்தப் போறே, அதை மொதல்ல சொல்லு" என்பேன். "யாரையும் இல்ல சின்னப்பாட்டி, நான் மட்டும்தான்" என்பான். அப்படியானால் எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள் ராசா என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

அன்றைக்குப் பந்தயம் முடிந்த சில நாளில், செங்கிலிருந்து ஆள் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் கூடப் போனேன். மருமகளைப் பின் சீட்டில் நடுவில் வைத்து, ஒரு பக்கம் பெற்றவள், ஒரு பக்கம் மாமியார். ரப்பர் மரங்களுக்குள் நுழையும்போது அந்தப் பெண் பல்லைக் கடித்து முனகிக்கொண்டிருந்தாள். மழை பெய்து ஓய்ந்த ரோடு. அக்கா ஒவ்வொரு பள்ளமாக இறக்கி ஏற்றினாள். கார் இறங்கியது, ஏறியது, அதோடு அடங்கியது. போகப் போக முனகல் குறைந்தது. பிறகு நின்றேவிட்டது.

"மிஸ்ஸி! சத்தத்தக் காணோம் மிஸ்ஸி!" செங் அம்மா அலறிவிட்டாள். தலையிலும் மாரிலும் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். அக்கா காரை அப்படியே நிறுத்தி இறங்கி ஓடிப் பின்கதவைத் திறந்தாள். மணிக்கட்டைப் பிடித்தாள். கண் இமையைத் தூக்கிப் பார்த்தாள். அந்தப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"என்னா அத்த, வந்துட்டமா?"

வலிக்கும் வலிக்கும் நடுவில், களைப்பில் மாமியார் தோளில் தலையைப் போட்டுத் தூங்கியிருக்கிறாள். அந்த ரோட்டில்! செங் அம்மாவுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. முந்தானையால் மருமகளின் நெற்றியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இல்லடி, இன்னும் வரல. நீ தூங்கு."

ஆஸ்பத்திரியில் பிள்ளை காலை நீட்டிக்கொண்டுதான் வந்தது, நன்றாக அழுதுகொண்டும் வந்தது. அது டாக்டர்மாரின் சாமர்த்தியம். அந்த ரோட்டில் அவளைத் தூங்கவைத்தது என் அக்கா.