மலரக்காவின் பல்கணி

பலேர்மோவின் பழைய நகரத்துக்கு, அல்பெர்கேரியாச் சந்துகளில் வழிதவறித் திரிவதற்கென்றே சனம் விமானம் ஏறி வருகிறது. காரை உதிர்ந்த சுவர், கொடியில் காயும் உடுப்பு, யார் வீட்டிலோ வதங்கும் வெங்காய வாசம், திரும்பினால் ஒரு தேவாலய முற்றம். எனக்கும் அது பிடிக்கும்தான். ஆனால் மரியமலர் அக்காவுக்கு நடந்ததன் பின் அங்கே முன்போல வேடிக்கையும் விடுப்பும் பார்த்துக்கொண்டு நடக்க முடிவதில்லை.

மலரக்கா மன்னாரில் பிறந்தவர். பொலிதேயாமாப் பக்கத்துப் பணக்கார வீடுகள் துடைத்துப் பிள்ளைகளை வளர்த்தது அந்தச் சந்துகளில் ஒன்றின் மூன்றாம் மாடி வாடகை வீட்டில். குடிவந்த நாளில் பல்கணியில் உடைந்த கதிரையும் புறா எச்சமும்தான் கிடந்தன. தேய்த்துக் கழுவி, தக்காளி வந்த வெற்றுத் தகர ரின்களில் மல்லிகை நட்டார். பிறகு சிவப்பு ஜெரேனியம் தொங்கவிட்டார்.

உலாத்த வந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். அக்கா எட்டிப் பார்த்துக் கைகாட்டுவார். ராணியம்மா தரிசனம் குடுக்கிறா என்று கணவர் பீலிக்ஸ் பகிடி பண்ணுவார். அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. அடுத்த ஞாயிறு இன்னொரு தொட்டி ஏறும்.

அந்தப் படங்களில் ஒன்று வீட்டுக்காரியின் மகளுடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. அவள் வந்து பல்கணியில் வெகுநேரம் நின்றாள். அக்கா கோப்பி கொடுத்து, எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதுகூடச் சொன்னாராம். ஒப்பந்தம் முடிந்ததும், இனிப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடப்போகிறோம் என்றார்கள். அக்கம்பக்கத்திலும் அதே கதை. கடைசியில் குடும்பம் பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போனது. அங்கே கிடைத்த வீட்டில் பல்கணி இல்லை. செடிகளை விட்டுவிட்டுத்தான் போனார்கள்.

இப்போது அக்கா ரயிலில் வந்து, பயணிகள் தங்கும் அந்தப் பழைய வீட்டையே கூலிக்குத் துடைக்கிறார். கேள்விப்பட்டதும் எனக்குக் கோபம் வந்தது. ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று நேரே கேட்டேன்.

"செடி காய்ஞ்சு போகுமெல்லோ," என்றார். பிறகு, "அந்த ஊத்தைப் பல்கணியை அப்பிடியே விட்டிருந்தா இண்டைக்கும் நாங்கள் அங்கைதான் இருந்திருப்பம். நான்தான் வடிவாக்கிக் கெடுத்தன்."

போன சனிக்கிழமை, திரைச்சீலை கழற்ற ஆள் வேண்டுமென்றதால் நானும் கூடப் போனேன். அவர் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க, கீழே நின்ற ஒருவர் போனை உயர்த்தினார். அக்கா பழைய பழக்கத்தில் சிரித்துக் கைகாட்டினார். அவரும் கையை அசைத்தார். பதிலுக்கு என்றுதான் நினைத்தோம். மறுபடியும் அசைத்தபோதுதான் விளங்கியது. பூக்கள் மட்டும் படத்தில் விழவேண்டுமாம், அக்கா கொஞ்சம் விலகட்டுமாம்.

அக்கா வாளியையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்.